36 செல்கள் எங்கே கிடைக்கும்?

"வீட்டிலேயே சோலார் பலகை செய்யலாம் என்கிறார்களே, அதற்கான செல்லை எங்கே வாங்குவது?" இந்தப் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் ஈப்போ நகரத்துக்காரர்கள் அல்லர். சுங்கை சிப்புட், சிம்மோர், பீடோர், துரோலாக் பக்கத்து முன்னாள் தோட்டத்துக்காரர்கள். அவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். குடும்பங்கள் லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்கு வந்துவிட்டன. லயத்தோடு மின்கம்பியும் போயிற்று. ஆனால் தோட்டத்து மாரியம்மன் கோயில் அங்கேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றப் போகிறவர்கள் கைப்பேசி வெளிச்சத்தில் பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். சிலருக்கு அதே நிலத்தில் ஆட்டுக்கொட்டகை, சிலருக்கு இரண்டு பாத்தி காய்கறி. தேவை ஒரே ஒரு விளக்கு.

அந்த ஒரு விளக்கையே கணக்காக எடுத்துக்கொள்வோம். 10 வாட் எல்.இ.டி. விளக்கு, இரவில் ஐந்து மணி நேரம். 10ஐ 5ஆல் பெருக்கினால் 50 வாட்–மணி. பேராக்கில் பகல் 12 மணி நேரம் இருந்தாலும், மேகத்தையும் சாய்வெயிலையும் கழித்துவிட்டு உச்சிவெயிலுக்கு ஈடாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 4 முதல் 5 மணி நேரம்தான் தேறும். மழை பிடித்த வாரங்களில் 3 மணி என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கம்பி, பேட்டரி, சூடு என்று வழியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே 50ஐ 3ஆல் வகுத்து, இழப்பையும் சேர்த்தால் 24, 25 வாட் பலகை தேவை. 30 வாட் இருந்தால் கவலையில்லை. இந்த 25, 30 வாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு செல் வேட்டைக்குக் கிளம்பலாம்.

பக்கத்தில் செய்கிறார்கள், ஆனாலும் விற்பதில்லை

முதலில் ஒரு வேடிக்கை. உலகத்தில் சோலார் செல்லும் பலகையும் அதிகம் செய்யும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போனால் கெடாவின் கூலிமில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை; 2008 முதல் இயங்குகிறது. பினாங்கில் ஜிங்கோ, ஜே.ஏ. சோலார் போன்ற சீன நிறுவனங்கள் 2015 வாக்கில் ஆலை திறந்தன. தெற்கே சைபர்ஜெயாவில் கியூ செல்ஸ், மலாக்காவில் சன்பவர் தொடங்கிய ஆலை, கடல் தாண்டினால் கூச்சிங்கில் லோங்கி. அமெரிக்க வரிப் பிரச்சினையால் அண்மையில் சில ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன என்றாலும், கோடிக்கணக்கான செல்கள் இந்த மண்ணிலிருந்து கப்பலேறியிருக்கின்றன.

ஆனால் அந்த ஆலைகளின் வாசலில் நின்று "36 செல் கொடுங்கள்" என்று கேட்டால் காவலாளி சிரிப்பார். செல்லைச் செய்யும் ஆலையே பெரும்பாலும் அதைப் பலகையாக அடைத்து, கொள்கலன் கணக்கில் அனுப்பிவிடுகிறது. சோதனையில் தேறாத செல்கள் மொத்த வியாபாரிகளிடம் போகின்றன. சில்லறை விற்பனை என்ற ஒன்றே அங்கு கிடையாது. நமக்கு இது புதிதல்ல. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து ஒரு பெரிய தொழிலே வளர்ந்தது. நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் எழுந்து மரம் சீவினார்கள். அதற்காகத் தோட்டத்து ஸ்டோரில் போய் ஒரு சைக்கிள் டயர் கேட்க முடிந்ததா?

ஈப்போவிலேயே யூனிசெம், கார்செம் என்று பெரிய மின்னணு ஆலைகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். அவை சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் ஆலைகள். அங்கே சோலார் செல் கிடையாது. கூலிம் ஃபர்ஸ்ட் சோலார் ஆலையிலும் உங்களுக்கு வேண்டிய செல் கிடையாது. அவர்கள் சிலிக்கான் வில்லைகளைக் கோப்பதில்லை. கண்ணாடியின் மேலேயே காட்மியம் டெலுரைடு என்ற பொருளை மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். கண்ணாடியே செல். அப்படிப்பட்ட கறுப்புப் பலகை பழைய இரும்புக் கடையில் அகப்பட்டால் முழுசாகப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வெட்டவோ உடைக்கவோ வேண்டாம். உள்ளே இருப்பது காட்மியம் சேர்மம்.

ஏன் 36?

சோலார் செல் என்பது உப்பு பிஸ்கட் போல உடையும் ஒரு சிலிக்கான் வில்லை. கனம் 0.2 மில்லிமீட்டருக்கும் கீழே, அதாவது இரண்டு தாள் கனம்கூட வராது. சிலிக்கானின் ஒரு பக்கத்தில் பாஸ்பரசும் மறு பக்கத்தில் போரானும் மிகச் சிறிதளவு கலந்திருக்கும். வெளிச்சம் உள்ளே விழுந்ததும் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. இரு பக்கமும் சந்திக்கும் இடத்திலுள்ள மின்புலம் அவற்றை ஒரே திசையில் தள்ளுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் 1954இல் இதைச் செய்து காட்டியபோது விழுந்த வெயிலில் சுமார் 6 விழுக்காடு மின்சாரமாயிற்று. இன்று கடைப் பலகைகளில் 20 விழுக்காட்டுக்கு மேல் சாதாரணம்.

வாங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இதுதான்: செல் பெரிதானாலும் சிறிதானாலும் அதன் மின்னழுத்தம் மாறாது. வேலை செய்யும்போது ஏறத்தாழ அரை வோல்ட். பரப்பு கூடினால் கூடுவது மின்னோட்டம், அதாவது ஆம்பியர். ஒரு செல்லை இரண்டாக உடைத்தால் இரண்டு துண்டும் தனித்தனியே அரை வோல்ட் தரும். ஆம்பியர் மட்டும் பாதியாகும்.

12 வோல்ட் பேட்டரிக்கு 24 செல் போதுமே என்று தோன்றும். போதாது. பேட்டரி நிறைய வேண்டுமானால் 14.4 வோல்ட் வரை தள்ள வேண்டும். அதோடு, செல் சூடாக ஆக மின்னழுத்தம் குறையும். ஒவ்வொரு பாகைக்கும் செல்லுக்கு 2 மில்லிவோல்ட் அளவு. பெட்டியில் எழுதியிருக்கும் அளவெல்லாம் 25 பாகையில் சோதித்தவை. நம் ஊர் நண்பகலில் கூரைமேல் கிடக்கும் செல் 60 பாகையைத் தொட்டுவிடும். 35 பாகை கூடுதல் என்றால் செல்லுக்கு 0.07 வோல்ட் போயிற்று. மிச்சம் 0.43 வோல்ட், 36 செல்லுக்கு 15.5 வோல்ட். கம்பியில் கொஞ்சம் இழந்தாலும் பேட்டரி நிறையும். அதே கணக்கை 30 செல்லுக்குப் போடுங்கள்: 12.9 வோல்ட். பேட்டரி நிறையவே நிறையாது. குளிர் நாட்டுக்காரர் ஒருவர் 30, 32 செல்லில் பலகை செய்து ஓட்டுவதைக் காணொளியில் பார்த்துவிட்டு அப்படியே இங்கே செய்தால் ஏமாந்துபோவோம்.

அடிக்கோல் பொய் சொல்லாது

கடை எதுவானாலும் செல்லையோ பலகையையோ வாங்குமுன் ஓர் அடிக்கோலை எடுங்கள். தெளிந்த உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் சுமார் 1,000 வாட். இதைச் சுருக்கிச் சொன்னால், நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 10ஆல் வகுத்தால் அந்தப் பரப்பில் விழும் வெயில் எத்தனை வாட் என்று வந்துவிடும். அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் நல்ல செல் மின்சாரமாக்கும்.

பழைய ஆறு அங்குலச் செல் 15.6க்கு 15.6 சென்டிமீட்டர். பெருக்கினால் 243, வெயில் 24 வாட், ஐந்தில் ஒரு பங்கு 5 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அந்தச் செல்லுக்கு "10 வாட்" என்று எவராவது எழுதியிருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். முழுப் பலகைக்கும் இதே சோதனைதான். ஷோப்பி, லசாடா போன்ற தளங்களில் கைப்பெட்டி அளவுப் பலகைகள் "300 வாட்" என்ற பெயரோடு வருகின்றன. 42க்கு 28 சென்டிமீட்டர் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 1,176, விழும் மொத்த வெயிலே 118 வாட்தான். அதில் 300 வாட் எப்படி எடுப்பது? நல்ல செல்லாக இருந்தாலும் 24 வாட்டைத் தாண்டாது. அந்த 24 வாட் நம் கோயில் விளக்குக்குப் போதும் என்பது வேறு விஷயம். 300க்கு உரிய பணத்தைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவே.

தனிச் செல் வந்த கதை

வீட்டில் பலகை செய்யும் ஆர்வம் உலகெங்கும் பரவியது 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில். அப்போது சிலிக்கான் தட்டுப்பாடு. செல்லுக்கு மூலப்பொருளான தூய சிலிக்கான் அந்த ஆண்டு கிலோவுக்கு 400 அமெரிக்க டாலரைத் தாண்டியது. கடைப் பலகை வாட்டுக்கு 4 டாலர் அளவில் விற்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எவர்கிரீன் சோலார் என்றொரு நிறுவனம், உருகிய சிலிக்கானிலிருந்து நாடா போல இழுத்துச் செல் செய்தது. அளவு 8க்கு 15 சென்டிமீட்டர், செல்லுக்கு 1.8 வாட். அதில் கழிக்கப்பட்டவை இணைய ஏலத்தில் கட்டுக்கட்டாக வந்தன. வழியில் உடையாமலிருக்க மெழுகில் தோய்த்துக்கூட அனுப்பினார்கள். வாங்கியவர் மெழுகைக் கரைத்தெடுக்கப் பட்ட பாடு தனிக்கதை. கழிவுச் செல்லை வாங்கிக் கோத்தால் பலகையின் விலை பாதியானது. ஆர்வத்துக்குக் காரணம் அதுதான்.

பிறகு சீன ஆலைகள் பெருகின. 2012 முடிவில் சிலிக்கான் கிலோ 20 டாலருக்கும் கீழே. எவர்கிரீன் 2011 ஆகஸ்டில் திவாலாகிவிட்டது. 2024 வாக்கில் சீன ஆலையில் முழுப் பலகையே வாட்டுக்கு 10 அமெரிக்கக் காசு என்ற நிலைக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்துக் கையேடுகளும் காணொளிகளும் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. "பாதிச் செலவில் பலகை" என்று அவற்றில் சொல்வது அன்று உண்மை. இன்று செல், இணைப்பு நாடா, கண்ணாடி, அலுமினியச் சட்டம், சிலிக்கோன், இணைப்புப் பெட்டி எல்லாம் சில்லறையில் வாங்கிக் கூட்டிப் பாருங்கள். அதே வாட்டுக்கு ஆலைப் பலகையின் விலையைத் தாண்டிவிடும்.

இருந்தாலும் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பவருக்கு வழிகள் உண்டு.

எளிய வழி, இணையத்தில் சீன விற்பனையாளரிடம் சிறு துண்டுச் செல் வாங்குவது. பெரிய செல்லை லேசர் கொண்டு வெட்டியவை. 52க்கு 78 மில்லிமீட்டர் துண்டு 36 சேர்த்தால் 25 வாட் அளவு. 52க்கு 156 என்றால் 50 வாட் அளவு. முழு அளவு 182 மில்லிமீட்டர்ச் செல்லும் இப்போது கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் 13 ஆம்பியர் அளவுக்குத் தரும்; சிறு விளக்குக்கு அது யானையைக் கட்டிச் சோறு போடுவது போல. உடையும் பயமும் அதிகம். "ஏ தரம்", "பி தரம்" என்ற எழுத்துகளை நம்பி அதிகம் கொடுக்காதீர்கள். ஆலைக்குள் அவற்றுக்குப் பொருள் உண்டு; ஆலையை விட்டு வெளியே வந்தபின் எழுதுபவர் கையில்தான் தரம். படத்தில் ஓரம் சிதைந்திருக்கிறதா, நிறம் ஒரே சீராக இருக்கிறதா, நாடா ஏற்கெனவே பற்றவைத்திருக்கிறதா என்று பாருங்கள். நாடா வைத்தது சற்று விலை கூடினாலும் முதல்முறை செய்பவர் அதையே வாங்கலாம். 36 தேவையென்றால் 45 வாங்குங்கள், ஒரே தடவையில், ஒரே தொகுதியிலிருந்து. ஏன் ஒரே தொகுதி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்தது சன்பவர் வகைச் செல். 125 மில்லிமீட்டர், மூலை வெட்டிய சதுரம், செல்லுக்கு 3.4 வாட் அளவு. மேலே கோடே இருக்காது. நேர், எதிர் இரண்டு முனைகளும் பின்பக்கத்திலேயே. முதுகில் கனமான செம்புப் பூச்சு இருப்பதால் கொஞ்சம் வளையும், விரிசல் விட்டாலும் மின்சாரம் ஓடும். சூரிய வண்டிப் பந்தயத்துக்கு மாணவர்கள் விரும்புவது இதனால்தான். ஆனால் இணைக்க நாய்க்கு வீசும் எலும்பு வடிவத்தில் தனித் தகடு வேண்டும். அது இல்லாமல் செல்லை மட்டும் வாங்கிவிட்டுத் திண்டாடாதீர்கள். விலையும் அதிகம். செல் ஒவ்வொன்றும் 6 ஆம்பியர் தருவதால் 36 சேர்த்தால் 100 வாட்டைத் தாண்டும். நம் விளக்குக்கு அவ்வளவு வேண்டாம்.

பாசார் காராட்டில் கிடக்கும் பழைய தோட்ட விளக்குகளைப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் விரலளவுத் தகடு இருக்கும். அதில் நாலைந்து துணுக்குச் செல் பசையில் புதைந்து 2 வோல்ட் தரும். ஆனால் மின்னோட்டம் மிகச் சொற்பம். பிள்ளைகளுக்குக் காட்ட நல்லது, கோயில் விளக்குக்கு ஆகாது.

உடைந்த பெரிய பலகையிலிருந்து செல்லை உரித்தெடுக்கலாமா என்று கேட்பவர்கள்தான் என்னைப் பயமுறுத்துகிறார்கள். முடியாது. ஆலையில் செல்லின் இரு பக்கமும் இ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் தாள் வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு 145 பாகை அளவில் அழுத்துகிறார்கள். கண்ணாடி, செல், பின்தாள் எல்லாம் ஒரே பாளமாகிவிடுகின்றன. கத்தியால் உரித்தால் செல் தூளாகும். தீயில் வாட்டி எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பின்தாள் பலவற்றில் புளோரின் கலந்த பிளாஸ்டிக் இருக்கிறது. எரிந்தால் வரும் புகை நுரையீரலை அரித்துவிடும். இணைப்புகளில் காரீயமும் உண்டு. லயத்து முற்றத்தில் டயர் கொளுத்துவது போன்ற சமாசாரம் அல்ல இது.

பழைய பலகையை முழுசாக வாங்குவது வேறு. கூரைப் பலகை மாற்றியவர்கள் கழற்றிப் போட்டது, கண்ணாடி முழுசாக இருந்தால், அதுவே மலிவான "36 செல்". ஆனால் அது 60, 72 செல் கொண்டதாகவும் 30 வோல்ட்டுக்கு மேல் தருவதாகவும் இருக்கும். பொருத்தமான சார்ஜ் கன்ட்ரோலர் தேவை. கூரையில் ஏறிக் கழற்றும் வேலையை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். அங்கே பல பலகைகள் தொடராக இணைந்து நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். வெயில் இருக்கும் வரை அதை அணைக்க முடியாது.

வாளி கைமாறும் வரிசை

செல் வந்து சேர்ந்ததும் மல்டிமீட்டரை எடுத்து வோல்ட் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவது பொதுவான தவறு. நோஞ்சான் செல்லும் 0.55 வோல்ட் காட்டும். பார்க்க வேண்டியது ஆம்பியர். மீட்டரை 10 ஆம்பியர் முனைக்கு மாற்றி, மேகமில்லாத பதினொரு மணி வெயிலில், செல்லை ஒரு பலகையின்மேல் சூரியனைப் பார்த்து வைத்து, இரு முனைகளிலும் மீட்டரைத் தொடுங்கள். ஒவ்வொரு செல்லின் முதுகிலும் அளவைப் பென்சிலால் எழுதுங்கள். எல்லாவற்றையும் பத்து நிமிடத்துக்குள் அளந்துவிட வேண்டும்; வெயில் மாறினால் ஒப்பீடு பயனில்லை.

இந்தச் சிரமம் எதற்கு? பால் ஸ்டோரில் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 35 பேர் வேகமாகக் கொடுத்தாலும் நடுவில் ஒருவர் மெதுவானால் வரிசை முழுவதும் அவர் வேகம்தான். தொடராகக் கோத்த செல்களிலும் அப்படியே. மின்னோட்டம் மிகக் குறைந்த செல் எதுவோ, அதுவே பலகையின் மின்னோட்டம். ஒரு செல்லின்மேல் செம்பனை மட்டை நிழல் விழுந்தாலும் இதே கதி. அந்தச் செல் மற்றவற்றின் ஆற்றலை வாங்கிச் சூடேறிக் கருகவும் கூடும். அதற்காகத்தான் ஆலைப் பலகைகளில் 18 செல்லுக்கு ஒன்றாக மாற்றுவழி டயோடு வைக்கிறார்கள். வீட்டில் செய்பவர் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

நான் இதைப் பணம் கொடுத்துக் கற்றேன். தெரிந்தவர்களின் தோட்டக் கோயிலுக்காக 52க்கு 156 அளவில் 40 செல் வரவழைத்தேன். பொட்டலத்தைப் பிரித்தபோதே ஆறு உடைந்திருந்தன. பற்றவைக்கும்போது என் கையால் மூன்று போயின. மீதம் 31. அதே விற்பனையாளரிடம் இன்னும் பத்து வாங்கினேன். முதல் தொகுதி 2.8 ஆம்பியர், பின்னால் வந்தது 2.4. ஐந்தை மட்டும்தான் சேர்த்தேன். ஆனாலும் பலகை முழுதும் 2.4 தான். 31 நல்ல செல்லின் உழைப்பில் ஏழில் ஒரு பங்கு வீண்.

பற்றவைக்கும் வேலையில் ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு. செல்லை இணைக்கும் நாடா, செம்பின்மேல் வெள்ளீயமும் காரீயமும் கலந்து பூசியது. 183 பாகையில் உருகும். ஒரு காலத்தில் உலகுக்கே வெள்ளீயம் கொடுத்த கிந்தாப் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து அதை உருக்கிக்கொண்டிருக்கிறோம். ஃபிளக்ஸ் தடவி, சூட்டுக்கோலை ஓரிடத்தில் அழுத்தாமல் ஒரே இழுப்பில் ஓட்ட வேண்டும். புகையை முகராதீர்கள், கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். இரண்டு செல்லுக்கு நடுவே நாடாவைச் சற்று வளைத்துத் தளர்வாக விடுங்கள். செம்பு சூட்டில் விரிவது சிலிக்கானைவிட ஆறு மடங்கு அதிகம். தளர்வு இல்லாவிட்டால் பகலில் விரிந்து இரவில் சுருங்கிச் சில மாதங்களில் இணைப்பு அறுந்துவிடும்.

நான் அதையெல்லாம் சரியாகச் செய்தேன். தவறியது மூடுவதில். ஒட்டுப்பலகையின்மேல் செல்களை ஒட்டி, மேலே அக்ரிலிக் தகடு வைத்து, ஓரமெல்லாம் சிலிக்கோன் பூசினேன். காணொளிகளில் அப்படித்தான் காட்டுகிறார்கள். பாலைவனத்தில் அது நிற்கலாம். மாலையானால் மழை கொட்டும் நம் ஊரில், பகலில் உள்ளே சூடான காற்று வெளியேறுகிறது. மழையில் குளிர்ந்ததும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. பெட்டி மூச்சு விடுகிறது என்று சொல்லலாம். ஒட்டுப்பலகை ஊறி உப்பியது. அக்ரிலிக் வெயிலில் வளைந்து ஓரம் திறந்தது. எறும்பு ஒரு மூலையில் குடியேறியது. நாடாக்களின்மேல் பச்சை பூத்தது. பதினோராவது மாதம், ஆடித் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விளக்கு அணைந்துவிட்டது. கோயில்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கைத் துடைத்து எடுத்து வைத்திருந்தார்கள். எனக்குத்தான் முகத்தைக் காட்ட முடியவில்லை. அன்று மாலையே ஈப்போவுக்குப் போய், கண்ணாடி போட்ட 50 வாட் ஆலைப் பலகை ஒன்றை வாங்கி வந்து அதே கம்பியில் மாட்டினேன். பேட்டரி, கன்ட்ரோலர், விளக்கு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆகவே கோயிலுக்கும் கொட்டகைக்கும் என்னிடம் யோசனை கேட்டால், கெட்டிக் கண்ணாடி போட்ட 30 அல்லது 50 வாட் ஆலைப் பலகையை அடிக்கோலால் அளந்து வாங்குங்கள் என்பேன். 12 வோல்ட், 12 ஆம்பியர்–மணி பேட்டரி. அதன் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர். ஃபியூஸை விட்டுவிடாதீர்கள். 12 வோல்ட் உங்களைத் தூக்கி அடிக்காது. ஆனால் முனைகள் உரசினால் கம்பி சிவந்து தீப்பிடிக்கும், கோயிலில் கற்பூரமும் எண்ணெயும் பக்கத்திலேயே இருக்கும். கையால் செய்த எதையும் வீட்டின் தெனாகா நேஷனல் இணைப்போடு சேர்க்கவே கூடாது. அதற்கு உரிமம் பெற்ற ஆள் வேண்டும்.

செல்லைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்படுபவர் 36இல் தொடங்க வேண்டாம். 52க்கு 78 அளவில் இருபது துண்டு, நாடா, ஃபிளக்ஸ் பேனா மட்டும் வாங்குங்கள். எட்டு உடைந்தாலும் பன்னிரண்டு மிஞ்சும். தொடராகக் கோத்தால் வெயிலில் 5 வோல்ட். மீன்தொட்டிக்குப் போடும் சிறு 5 வோல்ட் நீரிறைப்பியை அது நேராகவே ஓட்டும், பேட்டரி தேவையில்லை. மூடுவதற்கு அக்ரிலிக் வேண்டாம். பழைய படச்சட்டத்துக் கண்ணாடியில் செல்லைக் கவிழ்த்து, முதுகின்மேல் இரண்டு பகுதி கலந்து ஊற்றும் தெளிந்த சிலிக்கோனைப் பரப்புங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் இறுகிவிட்டால் ஈரம் புக இடமில்லை.

கோயிலிலிருந்து இறக்கிய என் பழைய பலகையைப் பிறகு பிரித்தேன். செல்களை ஒவ்வொன்றாக மறுபடி வெயிலில் அளந்தபோது, 14 செல் இன்னும் 2.7 ஆம்பியர் காட்டின. கெட்டது செல் இல்லை, சுற்றியிருந்த பெட்டி. அந்தப் பதினான்கையும் கண்ணாடியில் கவிழ்த்துச் சிலிக்கோன் ஊற்றி வைத்திருக்கிறேன். பின்வாசல் மிளகாய்ச் செடிகளுக்கு இப்போது அதுதான் தண்ணீர் இறைக்கிறது. போன வாரம் அளந்தபோது 2.6.